யூ.கே.ஜி. படிக்கும் மகளுக்கு பிரான்ஸில் எந்த வகுப்பு?

கேள்வி: என் கணவருக்கு பிரெஞ்சு குடியுரிமை உண்டு. பாரிஸின் வடக்குப் புறநகரில் ஓட்டல் வேலையில் இருக்கிறார். எங்கள் மகள் 2019 நவம்பரில் பிறந்தவள். பிறப்பை பிரெஞ்சு தூதரகத்தில் பதிந்து லிவ்ரேவும் (பிரெஞ்சு அரசு தரும் குடும்பப் பதிவேடு) வாங்கிவிட்டோம். இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் யூ.கே.ஜி. படிக்கிறாள். பிரெஞ்சு தெரியாது. ஜனவரியில் நானும் அவளும் போகிறோம். அங்கே முதல் வகுப்பில் இடம் வாங்க ஒன்றாம் வகுப்புச் சான்றிதழ், அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல வெளியுறவுத் துறை தரும் முத்திரை), பிரெஞ்சுத் தேர்வு எல்லாம் வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டோம். லிவ்ரேவும் அவரிடம்தான் இருக்கிறது. கணவர் இப்போது சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருப்பதால் முகவரிச் சான்றும் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். பேசாமல் இங்கே யூ.கே.ஜி. முடித்துவிட்டு செப்டம்பரில் போகலாமா? டி.சி. வாங்க வேண்டுமா?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதலில் அந்த லிவ்ரேவைத் திரும்ப வாங்குங்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். அசல் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பணம் கேட்பதுதான் இவர்களுடைய தொழில்முறை. சரிபார்க்க வேண்டும் என்றால் நகல் போதும். கேட்டும் தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். "ரசீது இல்லையே" என்று தயங்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் பேசியதே போதுமான ஆதாரம்.

இப்போது உங்கள் முக்கியமான பயத்துக்கு வருகிறேன். பிரான்ஸில் சிறு குழந்தையின் வகுப்பை முடிவு செய்வது பிறந்த ஆண்டு. நம் ஊர் மாதிரி "ஜூன் ஒன்றில் எத்தனை வயது, மார்ச் முப்பத்தொன்றில் எத்தனை வயது" என்ற கணக்கு அங்கே இல்லை. ஜனவரி 1-இல் பிறந்தவரும் டிசம்பர் 31-இல் பிறந்தவரும் ஒரே வகுப்பு. எந்த ஆண்டில் குழந்தைக்கு ஆறு வயது நிறைகிறதோ, அந்த ஆண்டு செப்டம்பரில் 'சே பே' எனப்படும் முதல் வகுப்பு தொடங்கும். 2019-இல் பிறந்த உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள் 2025 செப்டம்பரிலேயே சே பே போய்விட்டார்கள். ஜனவரியில் போனால் அவளும் அந்த வகுப்பில்தான் உட்காருவாள். ஏஜென்ட் 'வாங்கித் தருகிறேன்' என்று விலை சொல்லும் இடம் அவளுக்கு ஏற்கெனவே உள்ளது. அங்கே மூன்று வயது முதல் கல்வி கட்டாயம், 2019-இல் வந்த சட்டம் அது. அரசுப் பள்ளியில் கட்டணமும் இல்லை. அவளைச் சேர்த்துக்கொள்வது நகராட்சியின் கடமை, ஆண்டின் நடுவில் போனாலும் அப்படித்தான்.

ஒன்றாம் வகுப்புச் சான்றிதழ் எதற்கு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். படிக்காத வகுப்புக்குச் சான்றிதழ் என்றால் அது போலி. போலி ஆவணத்தைக் காட்டுவது பிரெஞ்சுச் சட்டப்படி மூன்று ஆண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகக்கூடிய குற்றம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போவது ஏஜென்ட் இல்லை, உங்கள் கணவர். அதைக் காட்டாமல் இருந்தாலும் குழந்தை போவது அதே சே பே வகுப்புக்குத்தான்!

அப்போஸ்டில் விஷயம் இன்னும் வேடிக்கை. மகளின் பிறப்பு பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறி, பிரெஞ்சு மொழியிலேயே லிவ்ரே வந்துவிட்டது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? பள்ளியில் சேர்க்க அந்த லிவ்ரே போதும். மொழிபெயர்ப்பு வேண்டாம், அப்போஸ்டில் வேண்டாம். யூ.கே.ஜி. ரிப்போர்ட் கார்டுக்கு அப்போஸ்டில் குத்தித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த கார்டை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வெளியுறவுத் துறை ஒரு ஆவணத்துக்கு வாங்கும் அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய், அதோடு ஒப்பந்த நிறுவனத்துக்குச் சிறு தொகை. நம் ஊரில் இதற்கு என்ன கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். (பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால், பிறப்புச் சான்றிதழை அப்போஸ்டில் செய்து, பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு அது தேவையில்லை.)

பிரெஞ்சுத் தேர்வு என்று அவர் சொல்வது 'தெல்ஃப் பிரிம்' ஆக இருக்கும். சிறுவர்களுக்கான மொழித் தேர்வு, நல்ல தேர்வுதான். பள்ளியில் சேர அது தேவையே இல்லை. மொழி தெரியாத குழந்தை என்பதற்காக ஒரு பள்ளி கதவைச் சாத்த முடியாது.

அடுத்து முகவரி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதுவையிலிருந்து போகிற குடும்பங்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான்.

பிரான்ஸில் நேராகப் பள்ளிக்குப் போய்ச் சேர்க்க முடியாது. முதலில் குடியிருக்கும் ஊரின் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று அவர்கள் வைத்திருக்கும் கணக்குப்படி ஒரு பள்ளியைக் குறித்து, பதிவுச் சான்று தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். மேரி கேட்பது மூன்று விஷயம்: குழந்தை யார், பெற்றோர் யார், எங்கே குடியிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு மின்கட்டண பில்லோ வாடகை ரசீதோ உங்கள் கணவர் பெயரில் இருந்தால் வேலை சுலபம். சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருப்பதால் அது இருக்காது. "அப்படியானால் பதிய முடியாது" என்று சொல்லிச் சிலர் அட்ரஸ் விற்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு முகவரியில் குழந்தையைப் பதிந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கு தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிற குடும்பங்கள் உண்டு. மேரி முகவரியைச் சரிபார்க்கலாம், அதற்கு அதிகாரம் இருக்கிறது. மாட்டினால் பதிவு போய்விடும்.

உறவினர் வீட்டில் தங்குவது குற்றமில்லை. அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. சித்தப்பா மகன் ஒரு வெள்ளைத் தாளில், தன் கைப்பட, "இன்னார் குடும்பம் இந்த முகவரியில் என் வீட்டில் இந்தத் தேதி முதல் தங்கியிருக்கிறது" என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான்' என்று சொன்னால் அங்கே எந்த கவுன்டரிலும் தெரியும். அதோடு அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் அண்மையில் வந்த மின்கட்டண பில் அல்லது வாடகை ரசீது. இது மூன்றும் அவருடையவை. இதோடு உங்கள் கணவர் பெயரும் அதே முகவரியும் சேர்ந்து வரும் ஏதாவது ஒரு தாள்: சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதம், மருத்துவக் காப்பீட்டுக் கடிதம். இந்த நாலாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பலருடைய சம்பளச் சீட்டில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய பழைய முகவரி இருக்கும். உங்கள் கணவரிடம் இன்றே சொல்லி, முதலாளியிடமும் வங்கியிலும் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். ஜனவரிக்குள் புது முகவரியோடு ஒரு சீட்டு வந்துவிடும்.

இவ்வளவும் இருந்தும் கவுன்டரில் இருப்பவர் வருமான வரித் தாள் வேண்டும், குடும்ப உதவித்தொகைத் தாள் வேண்டும், உங்கள் வசிப்பிட அட்டை வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். சட்டத்தில் அப்படி இல்லை. 2020 ஜூன் மாத அரசாணை ஒன்று பள்ளிப் பதிவுக்கு என்னென்ன கேட்கலாம் என்று வரையறுத்திருக்கிறது: மேலே சொன்ன மூன்றுதான். அதையும் எந்த வழியில் வேண்டுமானாலும் நிரூபிக்கலாம், உறுதிமொழிக் கடிதம்கூடச் செல்லும். அரசாணை பாரிஸில் போடுகிறார்கள், கவுன்டரில் பத்து வருஷத்துக்கு முந்தைய பட்டியல் ஒட்டியிருக்கும். சண்டை போட வேண்டாம். "மறுப்பை எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் 'தெஃபான்சேர் தே துருவா' என்ற உரிமைக் காப்பு அமைப்புக்கு எழுதலாம், செலவு கிடையாது. வேறு பள்ளியிலிருந்து விலகிய சான்று கேட்டால், "பிரான்ஸில் இதுதான் முதல் பள்ளி" என்று சொல்லச் சொல்லுங்கள். அது பிரான்ஸுக்குள்ளே பள்ளி மாறுகிறவர்களுக்கானது.

இந்தப் பதிவுக்கு நீங்கள் போய் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கணவர் லிவ்ரேவோடு தனியாகப் போய் இப்போதே பேச்சைத் தொடங்கலாம். பல ஊர்களில் முன்பதிவு இல்லாமல் பார்க்கவே முடியாது, அந்தத் தேதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

செப்டம்பரில் போகலாமா என்கிறீர்கள். வேண்டாம். இங்கே யூ.கே.ஜி. முடிந்தால் நிம்மதி என்று உங்களுக்குத் தோன்றுகிறது, நியாயம்தான். ஆனால் 2026 செப்டம்பரில் அவளுடைய பிறந்த ஆண்டுக்கு உரிய வகுப்பு சே பே அல்ல, அதற்கு அடுத்த வகுப்பு. சே பே என்பது பிரெஞ்சு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆண்டு. அதை முழுதாகத் தாண்டிவிட்டு, எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாமல் இரண்டாம் வகுப்பில் உட்காருவதைவிட, ஜனவரியில் பாதியில் போய்ச் சேர்வது எவ்வளவோ மேல். அப்போதும் மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். புதிதாக வந்த பிறமொழிக் குழந்தைகளுக்கு 'உபே-தோ-ஆ' என்று தனி மொழி வகுப்பு உண்டு. தொடக்கப் பள்ளியில் வாரத்துக்குக் குறைந்தது 9 மணி நேரம் என்று 2012-ஆம் ஆண்டு சுற்றறிக்கை சொல்கிறது. எல்லாப் பள்ளியிலும் அது இருக்காது. மேரியிலும் தலைமையாசிரியரிடமும் கேட்டு வையுங்கள், கேட்காவிட்டால் சிலர் சொல்லவே மாட்டார்கள். ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் சே பே-யை இன்னொரு முறை படிக்கலாம் என்று சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருக்கும் இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்? எண்களை விட்டுவிடுங்கள். நம் யூ.கே.ஜி. பிள்ளைகள் நூறு வரை எழுதிவிடுவார்கள், கணக்கில் அவள் பின்தங்க மாட்டாள். எழுத்தின் பெயர்களில்தான் சிக்கல் வரும். ஆங்கிலத்தில் நாம் 'ஜி' என்று சொல்லும் எழுத்தை அங்கே 'ஜே' என்பார்கள், 'ஜே'யை 'ஜி' என்பார்கள், 'ஐ'யை 'இ' என்பார்கள். குழந்தை சரியான எழுத்தைக் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொல்லும், அதற்கு எழுத்தே தெரியவில்லை என்று ஆசிரியை நினைத்துக்கொள்வார். இதை இப்போதே பழக்குங்கள். அப்புறம் நோட்டு. அங்கே 'செயேஸ்' கோடு போட்ட நோட்டில்தான் எழுத வேண்டும்: எட்டு மில்லிமீட்டர் கட்டம், அதற்குள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடு, கூட்டெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் எத்தனை கோடு ஏற வேண்டும் என்று கணக்கு. இணையத்தில் கிடைக்கும் பக்கத்தை அச்செடுத்துத் தினமும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். கழிப்பறை போக வேண்டும், தண்ணீர் வேண்டும், புரியவில்லை, வயிறு வலிக்கிறது: இந்த நாலு வாக்கியம் பிரெஞ்சில் வாயில் வர வேண்டும். அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் சிறுவர் வகுப்பு இருந்தால் சேர்த்துவிடுங்கள், ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பகுதிகூட ஆகாது. வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அரைகுறை பிரெஞ்சில் அம்மா பேசுவதால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை.

புதுவையின் பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிரான்சேயில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, அதே பாடத்திட்டம், அதே வகுப்பு. அவர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். 2019-இல் பிறந்த குழந்தைகளுக்கு பிரான்ஸில் 11 தடுப்பூசி கட்டாயம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது தட்டம்மை-ருபெல்லா ஊசி, பொன்னுக்கு வீங்கி அதில் சேராது. மெனிங்கோகாக்கஸ் ஊசி நம் அரசுப் பட்டியலிலேயே கிடையாது. குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, விடுபட்டது எது என்று பார்த்து, முடிந்ததை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். ஊசியின் பெயரும் தேதியும் தெளிவாக எழுதி, மருத்துவர் முத்திரை வாங்கி வையுங்கள். ஏதாவது விடுபட்டாலும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு மூன்று மாத அவகாசம் தருவார்கள். ஊசி போடாததால் இடமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக டி.சி. பிரெஞ்சுப் பள்ளிக்கு அது தேவையில்லை. ஆனால் எப்போதாவது திரும்பி வந்து புதுவையிலோ கடலூரிலோ சேர்க்க நேர்ந்தால் தொல்லை தரப்போவது தாள் அல்ல, கணினி. யூடைஸ் எனப்படும் அரசின் பள்ளி மாணவர் கணினிப் பதிவில் உங்கள் மகளின் பெயர் பழைய பள்ளியிலேயே நின்றால் புதிய பள்ளியால் அவளை ஏற்ற முடியாமல் இழுத்தடிப்பார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது, டி.சி. தாமதத்தைக் காட்டி மறுக்கவும் கூடாது. சட்டத்தைக் கணினிக்கு யார் சொல்வது? ஆகவே டிசம்பரில் டி.சி. வாங்கும்போதே, பள்ளி விட்டுச் சென்றதாக அந்தப் பதிவிலும் குறிக்கச் சொல்லி, அவளுடைய நிரந்தரக் கல்வி எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் பருவக் கட்டணம் கட்டினால்தான் தருவோம் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னால், எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதன் பிறகும் இழுத்தால் அந்த நகலோடு கல்வித் துறையில் மனு கொடுக்கலாம்.