கேட்டால் சொல்கிறேன்: வால்வு ஏன் ஆடுகிறது?

ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். “பிராசஸ் கன்ட்ரோல்னா என்னடா?” என்று அம்மா கேட்கிறார். விளங்கச் சொல்ல வரவில்லை, ஐயா.
– மாணவர், தருமபுரி

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மா காய் நறுக்கும்போது கவனித்திருக்கிறாயா? ஒரு கண் பால் மேலேயே இருக்கும். ஏடு மேலே எழும்பும்போதே கை அடுப்புத் திருகுக்குப் போய்விடும். பார்ப்பது, மனசில் இருக்கும் அளவோடு ஒத்துப்பார்ப்பது, தீயைக் கூட்டுவது குறைப்பது. அவ்வளவுதான் தம்பி. அம்மா தினமும் செய்வதற்குத்தான் நீ சர்ட்டிபிகேட் வாங்கப்போகிறாய்.

நான் 28 வருடம் வேலை பார்த்ததும் பால் ஆலையில்தான். பச்சைப் பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே 15 விநாடி ஒரு குழாய்க்குள் ஓடவிட்டு, மறுபடி குளிரவைப்போம். அந்தக் குழாயின் முனையில் பேனா பருமனுக்கு ஒரு ஆர்.டி.டி. இருக்கும், சூட்டை அளக்கும் கருவி. உள்ளே பிளாட்டினம் கம்பி. 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிரான்ஸ்மிட்டர் இதை மில்லி ஆம்பியராக மாற்றி அனுப்பும். கன்ட்ரோலர் அதை செட் பாயிண்டோடு (இருக்க வேண்டிய அளவு) ஒத்துப்பார்த்து நீராவி வால்வைத் திறக்கும், மூடும். சூடு போதவில்லையென்றால் டைவர்ஷன் வால்வு பாலை வந்த தொட்டிக்கே திருப்பிவிடும். கரண்ட் போனாலும் காற்றழுத்தம் போனாலும் அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் திருப்பிவிடும் பக்கமாகவே தள்ளும். சரியாகக் காயாத பால் பாக்கெட்டுக்குப் போகாது. அந்த ஸ்பிரிங்கை அப்படி வைக்க யோசித்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.

டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் சிக்னல் ஏன் 4 முதல் 20 மில்லி ஆம்பியர்? 0 முதல் 20 என்று வைத்திருந்தால் கணக்கு சுலபமாக இருக்குமே?
– பாலிடெக்னிக் மாணவி, சேலம்

கணக்கு சுலபம்தான். ஆனால் எலி ஒயரைக் கடித்துவிட்டால்? 0 வரும். தொட்டி காலியாக இருந்தாலும் 0. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 4 வந்தால் அளவு பூஜ்யம், 0 வந்தால் ஒயரைப் பார். போதாததற்கு அந்த 4 மில்லி ஆம்பியரிலேயே டிரான்ஸ்மிட்டரும் பிழைத்துக்கொள்ளும், தனி சப்ளை வேண்டாம். கரண்டுக்கு முன்னால் காற்றில் சிக்னல் அனுப்பிய காலத்திலும் 3 முதல் 15 பி.எஸ்.ஐ. அதே விகிதம், அதே புத்தி.

எங்கள் சாய ஆலையில் ஒரு தொட்டியின் வெப்பம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலரில் வைக்கும் பி.ஐ.டி. எண்களை மூன்று முறை மாற்றிவிட்டோம். ஒரு வாரம் சரியாக இருக்கும், அப்புறம் பழையபடி.
– சூப்பர்வைசர், திருப்பூர்

எண்களை விட்டுவிடுங்கள். முதலில் லூப்பை (அளப்பது, ஒத்துப்பார்ப்பது, வால்வைத் திருப்புவது என்ற அந்தச் சுற்றை) மேனுவலில் போடுங்கள், அதாவது கன்ட்ரோலர் தானாக வால்வைத் தொடாமல் நாமே அவுட்புட்டை வைப்பது.

ஏன் சொல்கிறேன் என்றால், நானும் ஒரு ராத்திரி முழுக்க இதே முட்டாள்தனத்தைச் செய்தவன். பால் 70க்கும் 76க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை டைவர்ஷன் வால்வு ‘டக்’. திரும்பத் திரும்பக் காய்ந்த பாலில் ஒரு வாடை வேறு வர ஆரம்பித்துவிட்டது. நான் புதுசு. ஜீக்லர், நிக்கல்ஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1942இல் சொன்ன டியூனிங் முறையை, அதாவது பி.ஐ.டி. எண்களைத் தேர்ந்தெடுக்கும் வழியை, நோட்டில் எழுதி வைத்திருந்தேன். P என்பது பிழை எவ்வளவோ அதற்கேற்ற தள்ளு. I, தீராத பிழையைச் சேர்த்துவைத்துக்கொண்டு மேலும் மேலும் தள்ளுவது. D, பிழை போகும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பிடிப்பது (அம்மாவின் கை ஏடு எழும்போதே போகிறதே, அது). மூன்றையும் விடிய விடியத் திருகினேன். ஊஞ்சலின் வேகம் மாறியது, ஊஞ்சல் நிற்கவில்லை.

காலை ஷிப்டுக்கு வந்த வயதான ஃபிட்டர் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. “மேனுவல்ல போடு” என்றார். போட்டேன். ஆட்டம் நின்றுவிட்டது. “அவுட்புட்டை ஒரு பர்சென்ட் ஏத்து.” வால்வின் தண்டு அசையவில்லை. இரண்டு, மூன்று, ஊஹூம். நான்கில் ஒரே குதி. முந்தின ஷிப்டில் யாரோ நீராவி கசிகிறதென்று கிளாண்ட் நட்டை (தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பாக்கிங்கை அமுக்கும் நட்டு) வெறியோடு முறுக்கியிருக்கிறார்கள். தண்டு இறுகிக் கிடக்கிறது. I பொறுமையாகச் சேர்த்துச் சேர்த்துத் தள்ள, அது ஒட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அளவுக்கு மீறித் திறக்கிறது. அப்புறம் மூடும்போதும் அதே கதை. பாக்கிங்கை மாற்றி நட்டை அளவாக இறுக்கினோம். பழைய எண்களிலேயே லூப் சாதுவாக ஓடியது.

ஆகவே நீங்களும் மேனுவலில் பாருங்கள். ஆட்டம் நின்றால் வால்வு, அதன் தண்டை சொன்ன இடத்தில் நிறுத்தும் பொசிஷனர், கடைசியாக எண்கள் என்று வரிசையாகப் பாருங்கள். நிற்காவிட்டால் தொந்தரவு வெளியிலிருந்து வருகிறது, பாய்லர் பக்கம் போய் நீராவி அழுத்தத்தைப் பாருங்கள். ஆர்.டி.டி. மேல் சாயமும் உப்பும் படிந்து மந்தமாகியிருக்கிறதா என்றும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்போது பேனல் முன்னால் ஆள் எதற்கு?
– வாசகர், திருச்சி

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நிறுத்தியிருந்த ஒரு பகுதியை மறுபடி ஓட்ட ஆரம்பித்தார்கள். கோபுரத்துக்குள் திரவம் போய்க்கொண்டே இருந்தது, அடியில் வெளியேற்றும் வழி மூடியே கிடந்தது. லெவல் டிரான்ஸ்மிட்டரோ கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டும் அளக்கக்கூடியது. திரவம் அந்த எல்லையைத் தாண்டி எங்கோ மேலே போய்விட்ட பிறகும், லெவல் இறங்குகிறது என்று திரையில் காட்டியது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. திரவம் வழிந்து வெளியே கொட்டி, ஆவி தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள்.

உள்ளே இவ்வளவு போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை, அப்புறம் லெவல் எப்படி இறங்கும்? இதைக் கேட்பதற்குத்தான் அந்த நாற்காலியில் ஆள்.