லேபிளில் 'ஆரோக்கியமானது', 'சூழலுக்கு உகந்தது' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கலாமா?

முன்பக்கத்தை மட்டும் பார்த்து நான் எதையும் வாங்குவதில்லை. அதற்காக அங்கே இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். அப்பட்டமாகப் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது கம்பெனிகளுக்குத் தெரியும். அதனால் தங்களுக்குத் தோதான உண்மையாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறார்கள். தாவர எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பது உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி அது இருப்பதில்லையே! ஸ்பிரே டப்பாவில் 'சிஎஃப்சி இல்லாதது' என்பதும் அப்படித்தான். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு உலகமே படிப்படியாகக் கைவிட்ட பொருள் அது.

எண் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ் என்ற காலை உணவுத் தானியத்தைச் சாப்பிட்டால் பிள்ளைகளின் கவனம் கிட்டத்தட்ட 20% கூடும், ஆய்வில் நிரூபணமானது என்று கெல்லாக் விளம்பரம் செய்தது. 2009-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைத் துருவியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒப்பிட்டது யாரோடு? காலையில் ஒன்றும் சாப்பிடாத பிள்ளைகளோடு! வெறும் வயிற்றோடு போட்டி வைத்தால் எந்தச் சாப்பாடுதான் தோற்கும்? அப்படியும் 20 சதவீதமோ அதற்கு மேலோ முன்னேறியது சுமார் ஒன்பதில் ஒரு பிள்ளைதான். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளிடம் முன்னேற்றமே இல்லை.

பூஜ்யத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, ஒரு வேளைக்கு என்று குறித்த அளவில், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் '0 கிராம்' என்று போடலாம். அந்த அளவோடு யார் நிறுத்துகிறார்கள்?

சூழல் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது 'மக்கும்' என்பதைத்தான். எங்கே மக்கும்? பிஎல்ஏ என்ற பயோபிளாஸ்டிக், 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நிற்கும் தொழில்முறை உரக்கூடத்தில் மக்கும். கடலில் விழுந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். 'சூழலுக்கு உகந்தது' என்று ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாகப் போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து தடுத்திருக்கிறது. நல்ல காரியம்.

ஒவ்வாமை எச்சரிக்கையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்து அலட்சியம் செய்துவிடாதீர்கள். அது விளம்பரம் இல்லை.

மற்றபடி பின்பக்கத்துக்குப் போங்கள். பொதுவாக, அதிக எடையுள்ள பொருள்தான் பட்டியலில் முதலில் வரும். அதிலும் ஒரு தந்திரம் உண்டு: சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று இனிப்பைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்பதை ஊட்டச்சத்து அட்டவணையில், 100 கிராம் கணக்கு இருந்தால் அதிலேயே, பாருங்கள்.