தண்ணீர் ஏறும் மரப்படகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் 12 அடி பலகைப் படகு இரண்டு கோடை கரையிலேயே கிடந்தது. இப்போது இறக்கினால் அரை மணியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறுகிறது. ஃபைபர் போர்த்தச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு முடியாது. மலிவாக வழி உண்டா?
– வாசகர், பழவேற்காடு

பதில்: பணம் இருந்தாலும் ஃபைபர் வேண்டாம். பலகை நனைந்தால் ஊறிப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டிய ஃபைபர் அதோடு சேர்ந்து அசையாது. ஒட்டு விட்டுப்போய், இடையில் புகுந்த ஈரத்தில் மரம் மக்கும்.

ஏராவை (படகின் அடிநடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டிய பலகைகளையும் ஆணிகளைச் சுற்றியும் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றித்தான் ஆகவேண்டும். மரம் கெட்டியாக இருந்தால் ஒழுக்கில் பெரும்பங்கு காய்ந்து சுருங்கியதால் வந்ததே. ஈரச்சாக்கை உள்ளே பரப்பி மூன்று நாள் காயவிடாமல் உப்புத்தண்ணீர் தெளியுங்கள். நல்ல தண்ணீர் தேங்கினால் மரம் சீக்கிரம் கெடும். பிறகு அடியில் நாலைந்து இடத்தில் கட்டை முட்டுக்கொடுத்து, உள்ளே நாலு விரல் உயரத்துக்குமட்டும் தண்ணீர் ஊற்றி, வெளியே சொட்டும் இடங்களில் குறி போடுங்கள். நிறைய ஊற்றினால் பாரத்தில் வங்கு (படகின் விலாக்கட்டை) விரியும்.

ஒரு வாரம் நிழலில் உலர்த்திவிட்டு, குறியிட்ட இணைப்புகளுக்குமட்டும் கலப்பத்து (பலகை இடைவெளியில் இழை செருகி அடைப்பது) அடியுங்கள். பழைய அடைப்பை வளைந்த அரத்தின் முனையால் சுரண்டி எடுங்கள். முறுக்கில்லாத பருத்தி இழையைச் சிறு மடிப்புகளாகச் செருகி, மழுங்கிய உளியால் இடைவெளியின் பாதி ஆழம்வரை தட்டுங்கள். மெதுவாகத் தட்டவேண்டும். ஓங்கி அடித்துத் திணித்தால், மரம் ஊறும்போது பலகை ஆணியைவிட்டே கிளம்பும். பலரும் கெடுப்பது இங்கேதான். மேலே நீர்த்த எண்ணெய்ப் பெயின்ட் ஒரு பூச்சு. அதை விட்டுவிட்டால் காய்ந்த மரம், அடுத்து அப்பப்போகும் மக்கிலுள்ள (இணைப்பை மூடும் பசை) எண்ணெயை உறிஞ்சி, மக்கு வெடிக்கும்.

மக்குக்கு: சாக்குத் தூள் (சுட்ட சுண்ணாம்பு அல்ல) 1 கிலோ, ஆளிவிதை எண்ணெய் சுமார் 200 மி.லி. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, பலகை மட்டத்துக்கு 1 மி.மீ. உள்ளடங்க அப்புங்கள், ஊறும்போது பிதுங்க இடம் வேண்டும். கார் பட்டறை மக்கு கல்லாக இறுகி, ஊறும் பலகையின் விளிம்பை நசுக்கிவிடும். தார் வெயிலில் இளகும், அதன்மேல் பெயின்ட்டும் நிற்காது.

கேள்வி: குங்கிலியம் காய்ச்சிப் பூசினால் போதாதா?

பதில்: இழை அடித்த இணைப்பின்மேல் நன்றாகவே நிற்கும்; வெறும் இடைவெளியில் நிற்காது. எண்ணெயில் உருக்கி, ஒரு சொட்டைக் குளிர்ந்த கல்லில் விட்டுப் பாருங்கள். ஆறியதும் நொறுங்கினால் எண்ணெய் சேருங்கள், பிசுபிசுத்தால் குங்கிலியம். பாத்திரத்தில் பாதிக்குமேல் வேண்டாம், பொங்கும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் இருக்கும்போதே கசிந்தால்?

பதில்: மரத்தூளை ஒரு டப்பாவில் அமுக்கி, நீருக்கடியில் கசிவுக்கு நேர்கீழே கொண்டுபோய்க் கவிழ்த்து ஆட்டுங்கள். உள்ளே இழுக்கும் தண்ணீரோடு தூளும் போய் அடைத்து ஊறும். கரை சேரும்வரை தாங்கும், அவ்வளவே.