எட்டாம் வகுப்பு மாணவிக்கு விண்வெளியில் ஆர்வம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மகள் எட்டாம் வகுப்பு. ராக்கெட் என்றால் சாப்பாடுகூட மறந்துவிடும். யூடியூப் பார்த்துப் பார்த்து எல்லா ராக்கெட் பெயர்களையும் ஒப்பிக்கிறாள். அடுத்து என்ன செய்யலாம்? கோச்சிங், ஸ்பேஸ் கேம்ப் மாதிரி எதிலாவது சேர்க்கலாமா?

பதில்:

கோச்சிங் இப்போதைக்கு வேண்டாம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறவன். உங்கள் மகளைப் போல ஒன்றிரண்டு பிள்ளைகள் வருடாவருடம் வருவார்கள். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் எத்தனை அடுக்கு என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "நாலு சார்" என்று பதில் வரும். ஏன் நாலு, ஒரே அடுக்காகச் செய்தால் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கிளம்பும்போது சுமார் 320 டன் எடையுள்ள அந்த ராக்கெட், துருவச் சுற்றுப்பாதைக்கு (வட, தென் துருவங்களின் மேலாகப் பூமியைச் சுற்றும் பாதை) கொண்டுபோவது ஏறக்குறைய 1.75 டன்தான். மீதியில் பெரும்பங்கு எரிபொருள். அது தீரத் தீர காலித் தொட்டியையும் சுமந்துகொண்டு போவானேன், கழற்றிப் போட்டுவிடலாமே என்பதுதான் அடுக்குகளின் கதை. ஒரு வகுத்தல் கணக்கு போட்டாலே இது புரிந்துவிடும்.

எட்டாம் வகுப்புக்கு நான் சொல்லும் வழி இதுதான்: செய்தியில் விண்வெளி பற்றி ஏதாவது வந்தால் அதில் ஒரு 'ஏன்' கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அட்லஸையும் கால்குலேட்டரையும் கையில் கொடுங்கள்.

எங்கள் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளலாம். தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் (சுருக்கமாகக் குலசை) இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று? பதில் அட்லஸிலேயே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு செயற்கைக்கோளைத் துருவச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப வேண்டுமென்றால் ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் இலங்கை குறுக்கே வரும். எரிந்து முடிந்த அடுக்குகள் ஊர்களின் மேல் விழக்கூடாது. அதனால் முதலில் தென்கிழக்காகக் கடல்மேல் போய், பிறகு தெற்கே திரும்புகிறார்கள். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகும். பி.எஸ்.எல்.வி. தாங்கிக்கொள்ளும். சுமார் 120 டன் எடையுள்ள சின்ன எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். தூக்கக்கூடிய சுமை கணிசமாகக் குறைந்துவிடும். குலசையிலிருந்து தெற்கே கோடு போட்டுப் பாருங்கள், பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் குலசைக்கே மாற்றிவிடலாமா என்று உங்கள் மகள் கேட்டால் நல்லது, அடுத்த பாடத்துக்கு வந்துவிட்டாள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் அட்சரேகையில் தரையே மணிக்குச் சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கு நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் இலவசம். அங்கே கிழக்கே திறந்த கடல். குலசைக்குக் கிழக்கே இலங்கை. ஆகவே இரண்டு தளமும் வேண்டும். நிலநடுக்கோடு, அட்சரேகை என்று சமூக அறிவியலில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது முதல்முறையாக எதற்கோ பயன்படுவதைப் பிள்ளைகள் உணரும் இடம் இது. எனக்கு இந்த வகுப்பு எடுக்க ரொம்பப் பிடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, சுற்றுப்பாதை என்றால் என்ன என்பது. பிளஸ் டூ முடித்தவர்களில்கூட பாதிப்பேர் விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்றே நம்புகிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. இந்த இரண்டு எண்ணை வைத்தே கணக்குப் போடலாம்: அந்த உயரத்திலும் தரையில் இருக்கும் ஈர்ப்பில் 88 சதவீதத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. 400 கி.மீ. உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடை மிஷின் வைத்தால், 60 கிலோ ஆள் 53 கிலோ காட்டுவார். மிதக்க மாட்டார். நிலையத்தில் இருப்பவர்கள் மிதக்கக் காரணம், அவர்களும் நிலையமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். நொடிக்கு 7.6 கி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுவதால், விழ விழ பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டே போகிறது. தரை வந்து சேர்வதே இல்லை. ராக்கெட்டின் பெரும்பாடு உயரப் போவதற்கு அல்ல, இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதற்குத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விண்வெளிப் பாடம் முடிந்தது. பிடிக்க ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

அந்த நிலையத்தை மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம், டெலஸ்கோப் எதுவும் வேண்டாம். நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியில் உங்கள் ஊருக்கு எந்த நாள், எந்தத் திசை என்று வரும். மின்னாமல், ஒரே சீராக நகரும் பிரகாசமான புள்ளி. சில நிமிடங்களில் கடந்துவிடும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அது விமானம். ஏன் அந்திவேளையிலும் விடியலுக்கு முன்னாலும் மட்டுமே தெரிகிறது என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவளே யோசிக்கட்டும். (நமக்கு இருட்டிவிட்டது, ஆனால் 400 கி.மீ. உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கிறது.)

விமானம் பற்றியும் கட்டாயம் படிக்கட்டும், ராக்கெட்டோடு குழப்பிக்கொள்ளாமல். விமானத்துக்குக் காற்று வேண்டும்: இறக்கையைத் தூக்கவும் வேண்டும், இன்ஜினில் எரிபொருள் எரியவும் வேண்டும். ராக்கெட் எரிவதற்கான ஆக்ஸிஜனையும் தானே சுமந்து போகிறது, அதனால்தான் வெற்றிடத்திலும் வேலை செய்கிறது. இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று அதிக தூரம் ஓடி, கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டியிருக்கிறது என்று ஒரு விளக்கம் பல இடங்களில் வரும். தவறு. அப்படி ஒரே நேரத்தில் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு எதுவும் இல்லை. காகித விமானத்தின் இறக்கை தட்டையாகத்தானே இருக்கிறது, அது எப்படி மிதந்து போகிறது என்று கேட்டுப் பாருங்கள். இறக்கை சற்றுச் சாய்ந்து காற்றைக் கீழே தள்ளுகிறது, பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மூக்கில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டியும் கழற்றியும் விட்டுப் பார்த்தால் எடைமையத்தின் பங்கும் தெரிந்துவிடும்.

ராக்கெட்டுக்கு, சோடா வகைக் குளிர்பான பாட்டில், ரப்பர் கார்க், ஃபுட்பால் ஊசி, சைக்கிள் பம்பு போதும். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊசி செருகிய கார்க்கால் மூடி, தலைகீழாக நிறுத்திக் காற்று அடித்தால் பாட்டில் மேலே பாயும். தண்ணீரே இல்லாமல், கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, முக்கால் பங்கு என்று மாற்றி மாற்றி விட்டு, எது உயரம் போகிறது என்று நோட்டில் எழுதி கிராஃப் போடச் சொல்லுங்கள். திறந்த மைதானத்தில், பெரியவர் ஒருவர் கூட இருந்து, பாட்டிலுக்கு மேல் யாரும் குனியாமல் செய்ய வேண்டும். சாதாரண தண்ணீர் பாட்டில் வேண்டாம், அழுத்தம் தாங்காது.

கொஞ்சம் பெரிய கேள்வி ஒன்று. அப்பல்லோ 11, 1969 ஜூலை 16 அன்று கிளம்பி 20ஆம் தேதி நிலவில் இறங்கிவிட்டது. சந்திரயான்-3, 2023 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23 அன்றுதான் இறங்கியது. ஐம்பது வருடம் கழித்தும் ஏன் மெதுவாக? அவர்களின் சாட்டர்ன் 5 ராக்கெட் 2,900 டன்னுக்குக் குறையாது, நம்முடைய எல்.வி.எம்.3 ஏறக்குறைய 640 டன். நேரே நிலவுக்குத் தள்ளிவிடுகிற பலம் நம்மிடம் இல்லை. அதனால் நீள்வட்டப் பாதையில் விட்டு, பூமிக்கு மிக அருகில் வரும்போதெல்லாம் இன்ஜினைக் கொஞ்ச நேரம் எரித்து, பாதையை நீட்டிக்கொண்டே போனார்கள். நேரத்தைக் கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடித்த வேலை அது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், டிப்ளமோ படித்து அதன்பின் பொறியியலுக்குப் போனவர் என்பதை உங்கள் மகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள்.

நேரில் பார்க்க: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்க்க அரங்கு இருக்கிறது, ஏவுதலுக்கு முன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம், திருவனந்தபுரம் பக்கம் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவில், அன்று அலுவலகமாக இருந்த தேவாலயம்தான் இப்போது அருங்காட்சியகம். ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்ரீஹரிகோட்டா.

காசு வாங்கும் ஸ்பேஸ் கேம்ப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். சில நன்றாகவே நடக்கின்றன. பல, பிள்ளைக்கு ஒரு டி-ஷர்ட்டும் சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறவை. 'நாசா சான்றிதழ்' என்று பணம் கேட்டால் நழுவிவிடுங்கள். செவ்வாய்க்கு நம் பெயரை அனுப்பும் 'போர்டிங் பாஸ்' யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறக்கூடியது, ஜாலிக்குச் செய்யலாம். நிஜமான நாசா சரக்கும் இலவசம்தான். சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் விழுந்த இடத்தை 2019இல் கண்டுபிடித்த சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் பயன்படுத்தியது, நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருந்த நிலவுப் படங்களைத்தான்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் இஸ்ரோவின் 'யுவிகா' திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இஸ்ரோ மையங்களிலேயே தங்க வைத்துச் சொல்லித் தருகிறார்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண், ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சிப் பரிசு, விளையாட்டு, சாரணர் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. கிராமப்புறப் பள்ளிக்குக் கூடுதல் மதிப்பு. பிளஸ் டூவுக்குப் பிறகு திருவனந்தபுரத்தில் ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; அதை இப்போது யோசிக்க வேண்டாம். யுவிகாவுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று கேட்பார்கள். அறிவிப்பு வழக்கமாக வருடத் தொடக்க மாதங்களில் வரும், முழு ஆண்டுத் தேர்வு நெருங்குகிற நேரம். கடைசி நாளில் அலையாமல் இருக்க, இந்த வருடத்துச் சான்றிதழ்களை இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.