மலைக்கு அந்தப் பக்கம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹூவரில் மூன்று வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். வேலை பர்மிங்காம் நகரத்துக்குள். 1963இல் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின்போது அங்கே நடந்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். ஒரு கேள்வி. 1979இலிருந்து அந்த ஊருக்குக் கறுப்பின மேயர்கள்தான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பல தெருக்களில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வறுமை கண்ணில் படுகிறது. 'அவர்களுக்கு ஆளத் தெரியவில்லை' என்கிறார்கள் அலுவலகத்தில். ஒரு மேயர் ஊழலில் சிறைக்கே போயிருக்கிறார். நான் அங்கே குடியிருக்கவும் இல்லை, ஆனால் என் சம்பளத்தில் 1 சதவீதத்தை நகரம் எடுத்துக்கொள்கிறது. இன்னமும் எல்லாவற்றுக்கும் இனவெறியையே காரணம் சொல்வது சரியா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

அந்த 1 சதவீதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த வரி வந்தது 1970இல், அதாவது முதல் கறுப்பின மேயர் வருவதற்கு ஒன்பது வருடம் முன்னால். பூங்காக்கள் எல்லோருக்கும் பொது என்று நீதிமன்றம் சொன்னதும், கறுப்பினத்தவரை உள்ளே விடுவதற்குப் பதில் 1962இல் அவற்றை இழுத்து மூடிய ஊர் அது. பள்ளிகளும் பொதுவாகிவிடும் என்று தெரிந்தபோது வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக, நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ரெட் மவுன்டன் மலையைத் தாண்டிப் போனார்கள். மவுன்டன் புரூக், வெஸ்டேவியா ஹில்ஸ், ஹோம்வுட் என்று அங்கே தனித்தனி நகராட்சிகள்; உங்கள் ஹூவர் நகராட்சியானதே 1967இல்தான். ஊர்க்காரர்கள் இன்றும் அந்தப் பகுதியை 'மலைக்கு அந்தப் பக்கம்' என்றுதான் சொல்கிறார்கள். காலையில் மலையைத் தாண்டி வந்து சம்பாதித்துவிட்டு சாயங்காலம் திரும்பிப் போகிறவர்களின் வீட்டு வரி அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிறது, பகல் முழுக்க அவர்களுக்கு வேண்டிய சாலையும் போலீஸும் தீயணைப்பும் பர்மிங்காமின் பொறுப்பு. 1960இல் 3,40,000 பேர் இருந்த நகரத்தில் 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,00,000 பேர்தான். நீங்கள் பார்த்த பூட்டிய வீடுகளில் பலவற்றின் கதை இதுதான். இரும்பு ஆலைகள் மூடியது இன்னொரு பாதி.

கறுப்பினத்தவருக்கு மேயர் பதவி வந்ததால் என்னதான் மாறியது என்று கேட்டால், நான் போனிட்டா கார்ட்டரைச் சொல்வேன். 20 வயதுப் பெண், கையில் ஆயுதம் இல்லை. 1979 ஜூனில் ஒரு கடை வாசலில் காருக்குள் இருந்தவளைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அப்போதைய மேயர் டேவிட் வான் வெள்ளையர்தான், ஆனால் மோசமானவர் இல்லை. 1963இல் போராட்டக்காரர்கள் மீது நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவிய, நகரப் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த புல் கானரைப் பதவியிலிருந்து இறக்கப் பாடுபட்டவர், கறுப்பின மக்களின் ஓட்டில் மேயரானவர். அந்தச் சாவு நியாயமற்றது என்று விசாரணைக் குழு சொன்ன பிறகும், சுட்டவரை வேலையிலிருந்து நீக்க அவர் மறுத்துவிட்டார். அத்தனை நல்லவராலும் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. சில மாதங்களில் தேர்தல் வந்தது, ரிச்சர்ட் ஆரிங்டன் ஜெயித்தார். அலபாமாவில் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர், விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1971இலிருந்து நகரசபை உறுப்பினராக இருந்துகொண்டு போலீஸ் அடித்தவர்களின் புகார்களைத் திரும்பத் திரும்ப சபைக்குக் கொண்டுவந்தவர். இருபது வருடம் மேயராக இருந்தார். எப்போது சுடலாம் என்ற விதிகள் இறுகின, போலீஸிலும் நகர அலுவலகங்களிலும் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைத்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து டாமினோ ஆடுவதைக்கூடச் சட்டம் போட்டுத் தடுத்திருந்த ஊர் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

அப்புறம், 'ஆளத் தெரியவில்லை' என்கிறார்களே, ஆள எவ்வளவு விட்டார்கள்? அலபாமாவின் 1901 அரசியல் சட்டத்தை எழுதக் கூடிய மாநாட்டில், வெள்ளையர் மேலாண்மையை நிறுவுவதே நோக்கம் என்று அதன் தலைவர் ஜான் நாக்ஸ் தொடக்க உரையிலேயே பேசினார். 1,80,000 பேருக்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் இரண்டே வருடத்தில் மூவாயிரத்துக்கும் கீழே போனார்கள். அதே சட்டம்தான் உள்ளூர் அதிகாரத்தையெல்லாம் மாநிலத் தலைநகர் மான்ட்கோமரியில் இருக்கும் சட்டசபையின் கையில் குவித்தது. 2022இல் இனவெறி வாசகங்களை எடுத்துவிட்டார்கள், அந்த அதிகார ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2016 பிப்ரவரியில் பர்மிங்காம் நகரசபை குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 10.10 டாலராக உயர்த்தியது. எந்த நகரமும் தனியாகக் கூலி நிர்ணயிக்கக் கூடாது என்று அதே மாதமே மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. மசோதாவைக் கொண்டுவந்தவர் மவுன்டன் புரூக் உறுப்பினர். கூலி 7.25 டாலரிலேயே நின்றது. நீங்கள் மதியம் சாப்பிடப் போகும் இடத்தில் மேசை துடைப்பவரின் சம்பளத்தைத் தீர்மானித்தது அந்த ஊரின் நகரசபை இல்லை.

ஊழலை மறைக்க மாட்டேன். நீங்கள் சொல்லும் மேயர் லாரி லாங்ஃபோர்ட் பணமும் கைக்கடிகாரங்களும் வாங்கினார், 15 வருட தண்டனை கிடைத்தது, அது நியாயம். ஆனால் அந்த லஞ்சம் அவர் மேயராக இருந்தபோது வாங்கியது இல்லை, அதற்கு முன், பர்மிங்காம் இருக்கும் மாவட்டமான ஜெஃபர்சன் கவுண்டியின் ஆணையத்தில் தலைவராக இருந்தபோது வாங்கியது. கவுண்டியின் சாக்கடைத் திட்ட ஊழல்களில் வெள்ளை ஆணையர்களும் தண்டனை பெற்றார்கள். அந்தத் திட்டத்துக்கு வாங்கிய கடன் கவுண்டியையே 2011இல் திவாலாக்கியது. அதில் தண்டனை பெற்ற இன்னொருவர் கிறிஸ் மெக்நேர். 1963 செப்டம்பர் 15 அன்று கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்துச் செத்துப்போன நான்கு சிறுமிகளில் மிக இளையவளான, 11 வயது டெனிஸின் அப்பா. அதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த மனிதர் செய்தது தவறு, அவருக்கு நடந்ததும் நடந்ததுதான். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க என்னால் முடியவில்லை. உங்கள் அலுவலகத்தில் பேசுகிறவர்கள் இந்த வரிசையில் ஒரு நிறத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பது ஏன் என்று அவர்களிடம் கேளுங்கள்.

பர்மிங்காமின் லின் பார்க்கில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலப் படைக்கு 52 அடி உயரத் தூண் ஒன்று இருந்தது. பர்மிங்காம் பிறந்ததே 1871இல், அந்தப் போர் முடிந்து ஆறு வருடம் கழித்து. ஊர் பார்க்காத போருக்கு ஊர் நடுவில் தூண்! 2017இல் மேயர் வில்லியம் பெல் அதைச் சுற்றிப் பலகை அடித்து மறைத்தார். மாநிலம் வழக்குப் போட்டது, மாநில உச்ச நீதிமன்றம் 25,000 டாலர் அபராதம் விதித்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கறுப்பினத்தவராக இருக்கும் நகரம் தன் பூங்காவில் ஒரு பலகை அடிக்கக் கட்ட வேண்டிய தொகை. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு மேயர் ராண்டல் வுட்ஃபின், வருவது வரட்டும் என்று ஜூன் 1 இரவு கிரேனைக் கொண்டுவந்து தூணை இறக்கினார். அன்று அலபாமா அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, அந்தப் போரில் தென் மாநிலங்களின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பிறந்தநாளுக்காக. மறுநாளே மாநிலம் மறுபடி வழக்குப் போட்டது.

அன்புடன்.