பீனியல் உறுப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். பீனியல் என்பது மூளையின் நடுவே பின்பக்கம் உள்ள உறுப்பு, சில உயிரினங்களில் ஒளியை உணரும், நம்மில் ஹார்மோன் சுரக்கும். முதுகெலும்பிகளின் மூளையை ஒப்பிட்டுப் படிப்பதுதான் என் வேலை. மாத்திரை, தியானம் பற்றிக் கேட்டால் ஒரு வரிக்கு மேல் கிடைக்காது.

நெல்லிக்குப்பம்: ஓணானுக்கு உச்சந்தலையில் கண் இருக்கிறதாமே, உண்மையா சார்?

உண்மைதான். இரண்டு கண்களுக்கும் சற்றுப் பின்னால், தலையின் நடுக்கோட்டில் ஒரு செதிலில் மட்டும் வெளிறிய புள்ளி இருக்கும். அதன் அடியில் லென்ஸ், விழித்திரை, மூளைக்குப் போகும் நரம்பு எல்லாம் உண்டு. இமை கிடையாது, கண்ணை அசைக்கும் தசையும் கிடையாது, உருவம் பார்ப்பது அதன் வேலையும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதன் விழித்திரைதான். நம் கண்ணில் ஒளியானது நரம்பு அடுக்குகளைத் தாண்டித்தான் ஒளியுணர் செல்லுக்குப் போக வேண்டும், இங்கே அந்தச் செல்கள் நேராக லென்ஸைப் பார்த்தே நிற்கின்றன. பல்லியினங்களில் சோதித்துப் பார்த்ததில் ஒரே செல் நீல ஒளிக்கு ஒரு விதமாகவும் பச்சை ஒளிக்கு அதற்கு நேர்மாறாகவும் மின்மாற்றம் காட்டுகிறது. விடியலிலும் அந்தியிலும் வானத்தின் நிறம் மாறுவதை அறிய இது உதவலாம் என்று கருதுகிறார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஓணானைப் பிடித்து அந்தச் செதிலைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

லாஸ்பேட்டை: வீட்டுப் பல்லிக்கும் உண்டா?

இல்லை. பாம்புக்கும் இந்தக் கண் இல்லை, ஆனால் இரண்டுக்கும் உள்ளே பீனியல் இருக்கிறது. முதலைக்கு அதுவும் இல்லை.

கடலூர் முதுநகர்: சூரை மீன் தலையில் உச்சியில் வெளிறிய இடம் ஒன்று இருக்கே, அது என்ன ஐயா?

நல்லா கவனிச்சிருக்கீங்க. அந்த இடத்தில் மேலிருந்து ஒளி உள்ளே இறங்க வழி இருக்கிறது, கீழே பீனியல். மீனின் பீனியலில் உள்ளவை அசல் ஒளியுணர் செல்கள். அவற்றோடு இணைந்த நரம்பு செல்கள் இருட்டில் அதிகமாகத் துடிக்கும், வெளிச்சம் பட்டதும் அடங்கும். கண் இழந்த சிறு நன்னீர் மீன்களும் வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாறுவதை 1911இல் கார்ல் வான் ஃபிரிஷ் என்ற விலங்கியலாளர் காட்டினார்.

புதுச்சேரி, மருத்துவ மாணவர்: மனிதனில் அது வெறும் எச்ச உறுப்புதானே? ஸ்கேனில் சுண்ணாம்பு படிந்துதான் தெரிகிறது.

தம்பி, இதை மட்டும் நான் விடமாட்டேன். சுண்ணாம்பு படிந்தால் செத்த உறுப்பு என்று அர்த்தமில்லை, படிவு இருந்தும் அது இரவில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1958இல் ஆரோன் லெர்னர் குழு மெலடோனினைப் பிரித்தெடுத்தது மாட்டின் பீனியலிலிருந்துதான். பாலூட்டியில் இந்தச் செல் நேரடியாக ஒளியை உணர்வதில்லை, அவ்வளவுதான். ஒளி பற்றிய செய்தி விழித்திரையிலிருந்து மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸுக்குப் போய், தண்டுவடத்தில் இறங்கி, கழுத்திலுள்ள மேல் நரம்பு முடிச்சு வழியாகத் திரும்ப மேலே ஏறி பீனியலுக்கு வருகிறது. இவ்வளவு சுற்றுப்பாதையை எச்ச உறுப்புக்கு யார் வைத்திருப்பார்கள்?

அதே மாணவர்: சுரப்பி என்றால் சரி. ஆனால் அதைக் கண்ணோடு உறவு கொண்டாடுவது கற்பனை இல்லையா?

இல்லை. விழித்திரையின் ஒளியுணர் செல்லில் உள்ள சில புரதங்கள் பாலூட்டியின் பீனியல் செல்லிலும் இருக்கின்றன. நீங்கள் மருத்துவம் படிப்பவர், விழித்திரைப் புற்று மரபுவழி வரும் குழந்தைகளில் சிலருக்கு பீனியலிலும் அதே வகைக் கட்டி வருவதைப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு செல்லும் ஒரே வம்சம்.

வில்லியனூர், விலங்கியல் ஆசிரியை: அப்படியானால் ஓணானின் கண்தான் நம் பீனியலாக மாறியதா சார்?

இல்லை அம்மா, இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனில் பீனியல், பாராபீனியல் என்று இரண்டு தனி உறுப்புகள், இரண்டும் ஒளியை உணரும். ஓணான் வகையின் கண் பாராபீனியல் வழி வந்தது, நம்முடையது பீனியல் வழி. வரிக்குதிரை மீனில் பாராபீனியல் இடப்பக்கம் நகர்ந்து, ஹாபெனுலா என்ற மூளைப்பகுதியின் இடது பாதியோடு சேருகிறது. பல்லியினங்களிலும் அந்தக் கண்ணின் நரம்பு பெரும்பாலும் இடது ஹாபெனுலாவுக்கே போகிறது. சானிவா என்ற அழிந்துபோன உடும்பினத்தின் மண்டையோட்டில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்ததை 2018இல் வெளியிட்டார்கள், அதாவது நான்கு கண். தவளையின் தலையில் உள்ள ஒளியுணர் நெற்றியுறுப்பை மட்டும் ஓணானின் கண்ணோடு சேர்த்துவிடாதீர்கள், அது பீனியலின் பகுதி.

மாணவர் மறுபடியும்: அப்போ வம்சம் ஒன்று, உறுப்பு இரண்டு?

ஆமாம் தம்பி. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூர், அரியாங்குப்பம், பண்ருட்டி: இதுதான் நெற்றிக்கண்ணா?

இல்லை. மூன்று பேருக்கும் இதுவே பதில். இது நெற்றியில் இல்லை, மூளையின் நடுவே பின்பக்கம் இருக்கிறது.

பாகூர்: தூக்கம் வர மெலடோனின் மாத்திரை போடலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள்.

நெய்வேலி: ஓணானின் அந்தக் கண்ணை ஊசியால் தொட்டால் தெரியுமா?

தொடாதீர்கள். முதல் பதிலிலேயே சொன்னேன்.

கடலூர், பத்தாம் வகுப்பு: கோழிக்கு?

கோழிக்கும் பீனியல் உண்டு. மெல்லிய மண்டையோடு வழியாக ஒளி உள்ளே போகும். அங்கே உள்ள ஒளியுணர் புரதத்துக்கு பினாப்சின் என்று பெயர், 1994இல் கோழியில்தான் முதலில் கண்டார்கள். பீனியல் செல்களைத் தனியாக எடுத்து வளர்த்தாலும் இரவு பகல் தாளத்தில் மெலடோனின் சுரக்கும். சிட்டுக்குருவியின் பீனியலை எடுத்துவிட்டுத் தொடர் இருட்டில் வைத்தால் அதன் தினசரி தாளம் குலைந்துவிடும், காடையில் அப்படிக் குலைவதில்லை. அதனால் தேர்வில் பறவையின் பெயரையும் சேர்த்து எழுது.