பதிப்பகம் சொல்கிறபடி சிறுவர் நாவலை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கதை நடக்கிறது, மண்சரிவில் கதாநாயகியின் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, இறந்துபோகிறார். படித்துப் பார்த்த பதிப்பகம் நாலு மாற்றம் கேட்டிருக்கிறது: அப்பாயி சாகக் கூடாது, பேச்சு பாடப்புத்தகத் தமிழில் இருக்க வேண்டும், பக்கம் குறைய வேண்டும், முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை வேண்டும். மாற்றுவதா, கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொள்வதா?

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன், சிறுவர் கதைகளும் எழுதுகிறேன். என்னைக் கேட்டால், நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஒவ்வொன்றும் யாருக்காகக் கேட்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் இலங்கையில் தமிழ்ச் சிறுவர் புத்தகத்தைச் சிறுவர் வாங்குவது குறைவு. பரிசளிப்பு விழாவுக்குப் பாடசாலை வாங்கும், நூலகம் வாங்கும், அதை விட்டால் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சையை மனதில் வைத்து அப்பா அம்மா வாங்குவார்கள். பதிப்பகத்தாரின் கண் இவர்கள் மேல்தான் இருக்கும். அதைக் குறை சொல்லவும் முடியாது, 300, 500 பிரதி அடித்து அதை விற்று முடிப்பதற்குள் அவர்களுக்கும் தலை நரைத்துவிடும்.

பக்கத்தைக் குறைக்கச் சொன்னது காசு விடயம், அதைக் கேளுங்கள். 2022இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள், ஞாபகம் இருக்கும். அச்சில் ஒரு தாளை மடித்து எட்டு, பதினாறு பக்கமாகத்தான் போர்ம் போகும், ஆகவே 97 பக்கம் வந்தால் 104க்கோ 112க்கோ செலவு ஏறிவிடும். எத்தனை போர்மில் அடிக்கப் போகிறீர்கள் என்று நேரே கேட்டு அதற்குள் வெட்டிக் கொடுங்கள். 50,000 சொல்லுக்குக் குறைந்தால் நாவலே இல்லை என்று நீங்கள் ஆங்கிலத் தளங்களில் வாசித்ததை மறந்துவிடுங்கள். அது அங்கே பதின்ம வயதினருக்கென்று தனி அலுமாரி வைத்திருக்கிற கடைகளின் கணக்கு. எங்கள் கடைகளில் பாப்பா பாட்டும் ஈசாப்பும் முடிந்த கையோடு பெரியவர்களின் நாவல்தான், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளிக்குத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் பதிப்பகத்துக்கும் பயம் பிடித்திருக்கிறது.

அப்பாயியின் சாவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனபோது பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தது சேற்று மேட்டை. இந்த மலைகளில் வளர்கிற பிள்ளைக்குச் சாவு தெரியாது என்று நினைக்கிறவர்கள் லயத்தில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கட்டும். பக்கத்துக் காம்பராவில் அழுவது சுவர் வழியே கேட்கும், தப்பு மேளச் சத்தத்தில் விடியும்வரை யாருக்கும் நித்திரை இருக்காது, பிள்ளைகள் அதற்கு நடுவில்தான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு திரிவார்கள். ஆனால் பதிப்பகத்தின் பயத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. பிள்ளை இதைத் தனியாக இருந்து வாசிக்கும். அதனால் உடலைத் தோண்டி எடுக்கிற காட்சி வேண்டாம், அப்பாயியின் வெத்தலைப் பை சேற்றில் அகப்பட்டால் போதும், மிச்சத்தை வாசிக்கிற பிள்ளையே விளங்கிக்கொள்ளும். சாவைக் கடைசி அத்தியாயத்திலும் வைக்காதீர்கள். பாதியில் வைத்தால், அதற்குப் பிறகு அந்தப் பெண்பிள்ளை எங்கே படுத்தாள், யார் சோறு போட்டார்கள், எப்போது மறுபடி சிரித்தாள் என்று எழுத இடம் கிடைக்கும். எனக்கு அந்தப் பாதிதான் நாவல்.

அடுத்தது பேச்சு. கதை சொல்கிற நடையை எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் வைத்துக்கொள்ளுங்கள், மட்டக்களப்புப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் வாசிக்க வேண்டும்தானே. ஆனால் ஆட்கள் வாய் திறந்தால் தோட்டத்துப் பேச்சுத்தான் வர வேண்டும். ஆறாம் ஆண்டு வகுப்பில் எழுதி முடிக்காத கதை ஒன்றை வாசித்தேன், துரை பங்களாவில் கொய்யா பறித்த பையனை வாச்சர் துரத்துகிறார். நடுவில் ஒருவன் எழும்பி, "சேர், பங்களாவுக்குப் பின்னால முள்ளுக்கம்பி, அதால ஓட ஏலாது, தண்ணிக் கான் வழியா எறங்கி ஸ்டோருக்குப் பின்பக்கம்தான் போகணும்" என்றான். இன்னொருத்தி, வாச்சருக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் ஓட மாட்டார் என்றாள். பிறகு பாடம் நடக்கவில்லை, பாதை எது என்ற சண்டைதான். ராஜகுமாரன் கதை வாசித்தால் இதே வகுப்பு மரியாதையாகக் கை கட்டிக் கேட்டுவிட்டு மணி அடித்ததும் மறந்துபோகும். அப்புறம், பின்னால் சொல்விளக்கப் பட்டியல் போட வேண்டும் என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து என்றால் என்ன என்பது கத்தியோடு ஆள் மலையில் நிற்கும்போதே விளங்கிவிடும்.

படிப்பினையா? எடுத்துவிடுங்கள். மலையகக் கதை என்றதும் பிள்ளை படித்து டாக்டராகித் தோட்டத்துக்கே திரும்பி வந்து மாலை வாங்க வேண்டும் என்று ஒரு வழக்கம் ஆகிவிட்டது, அது மேடையில் பேசப்போகிற பிரதம விருந்தினருக்காக எழுதுகிற முடிவு. பதிப்பகம் 'பயனுள்ள விடயம்' ஏதாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதைக் கதைக்குள்ளேயே போட வழி இருக்கிறது. மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணி திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தரையிலும் சுவரிலும் வெடிப்பு விழுவது, மரம் சாய்வது, இவை எல்லாம் மண்சரிவுக்கு முன் தெரிகிற அறிகுறிகள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இவற்றைத்தான் கவனிக்கச் சொல்கிறது. அப்பாயி தண்ணியின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், யாரும் காது கொடுக்கவில்லை என்று வையுங்கள். அறிவுரைக்கு அறிவுரையும் ஆயிற்று, கதைக்கும் ஒரு முடிச்சு விழுந்தாயிற்று.

கதாநாயகிக்குப் பதினொரு வயது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் தங்களைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளையைப் பற்றி வாசிக்கத்தான் விரும்புவார்கள், பதின்மூன்று ஆக்கிவிடுங்கள், வேறொன்றையும் தொட வேண்டியதில்லை.

பதிப்பகத்துக்குப் பதில் எழுதும்போது பக்கத்துக்குச் சம்மதம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், மற்றதைப் பேச அது இடம் கொடுக்கும். அட்டைப் படம், உள்படம் யார் வரைகிறார் என்றும் கேளுங்கள். தோட்டம் பார்க்காதவர் வரைந்தால் கொழுந்துக் கூடையை இடுப்பில் வைத்துவிடுவார். கயிறு தலையில் மாட்டி முதுகில் தொங்குகிற மாதிரி உங்கள் தோட்டத்து ஆட்களைக் கேட்டு போனில் நாலைந்து படம் எடுத்து, லயத்துத் தகரக் கூரையும் முன்திண்ணையான இஸ்தோப்பும் தெரிய இன்னும் ரெண்டு எடுத்து, இப்போதே அனுப்பி வையுங்கள்.